எந்த ஓரத்து நீளம்?

மாமனார் ஜன்னலில் படுத்திருந்தார். கண்காட்சிப் பொருள் மாதிரி என்று நான் சொன்னால் மரியாதையாக இருக்காது. அவரே சொல்லிவிட்டதால் எனக்கு அந்தச் சங்கடம் இல்லை.

"கசாப்புக் கடைல தொங்குற பன்னித்தொடையக்கூட இவ்வளவு நேரம் நின்னு பாக்க மாட்டாங்க, மாப்ள."

ஓக்கெ மாமா இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, நடைப்பயிற்சி விடுதியில் ஒரு கோடைக்காலம் முழுக்க இருந்துவிட்டு வீடு திரும்பியிருந்தார். மாடி ஏற முடியாது. நெதர்லாந்தின் வடக்கே எங்கள் ஃப்ரீஸ்லாந்து வீடுகளில் மாடிப்படிகள் ஏணிக்கும் சுவருக்கும் பிறந்த பிள்ளைகள். நல்ல இடுப்பு உள்ளவர்களே வேண்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். அதனால் கட்டிலைக் கூடத்தில் போட்டார்கள். அது நுழைந்த ஒரே இடம் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலடி.

திரைச்சீலை போடலாமே என்று நான் ஒருமுறை வாயைத் திறந்தேன். மாமியார் மின்கெ அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"திரை போட்டா, உள்ள என்னமோ நடக்குதுன்னு நெனைப்பாங்க."

"என்ன நடக்குது?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நான் பைஜாமா மாத்துறதுதான் நடக்குது! அதத்தான் ஊரே பாக்குது!"

போகிற வருகிறவர்கள் எல்லாம் கையை உயர்த்திவிட்டுப் போனார்கள். மாமாவும் பதிலுக்குக் கையை உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு மோசமாகிவிட்டது என்று ஊரில் பேச்சாகிவிடும். வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் படகுகளுக்கு வழிவிடக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கியவர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து படகுக்காரர்களைப் பார்த்தே பழகியவருக்கு, கண்ணாடிக்குள் தன்னை மற்றவர்கள் பார்ப்பது தாங்கவில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து சனிக்கிழமை வந்துகொண்டிருந்தது. தெருவிருந்து. எங்கள் தெருவில் நீளமேசை போடுமளவுக்கு அகலமான இடம் ஒன்றே ஒன்றுதான்: மாமாவின் ஜன்னலுக்கு நேர் எதிரே.

"மொத்தத் தெருவும் என் கால்மாட்டுல உக்காந்து உருளைக்கிழங்கு தின்னும். நான் உள்ள படுத்துக்கிட்டு அவங்க மெல்றத பாக்கணும், அவங்க என்னைப் பாத்துக்கிட்டே மெல்லணும். அதுக்குள்ள என்னை மேல ஏத்திடு மாப்ள. நீ அந்த வேலைதான பாக்குற?"

அந்த வேலைதான் பார்க்கிறேன். மாடிப்படி ஓரமாக ஒரு குழாய்த் தண்டவாளம் வளைந்து ஏறும். அதன்மேல் ஒரு நாற்காலி மெல்ல ஊர்ந்து போகும். பெரியவர்கள் அதில் அமர்ந்து, அரசர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு மேலே போவார்கள். அந்தக் குழாயைக் கணினியில் வரைகிறவன் நான். என் பெயர் ரைன்டர். வரைவதில் நான் கெட்டிக்காரன் என்று மாமா நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

முறை எளிது. படிகளிலும் சுவரிலும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஸ்டிக்கர்களை ஒட்ட வேண்டும். நாற்காலி போய் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். பிறகு எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும். மென்பொருள் ஸ்டிக்கர்களைத் தானே கண்டுபிடித்துக் குழாயின் வளைவை வரைந்துவிடும். நான் நீளத்தைப் பார்த்துச் சொன்னால், பட்டறையில் சீபெ அந்த நீளத்துக்குக் குழாயை வெட்டி மெஷினில் கொடுத்து வளைப்பான்.

ஒரே ஒரு சிக்கல். அந்த வருடம் நிறுவனத்தில் மென்பொருளை மாற்றிவிட்டார்கள். பழையதில் 'நீளம்' என்று ஒரு பொத்தான் இருக்கும்; அழுத்தினால் நீளம் வரும். புதியதில் அளவுகோல் படம் போட்ட பொத்தான் இருக்கிறது. அழுத்தினால், எதன் நீளம் என்று திருப்பிக் கேட்கும்.

மாமனார் வீட்டு மாடிக்கு மருமகன் போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மேலே ஏதாவது ஒழுகினால் போகலாம். அதனால் ஸ்டிக்கர் ஒட்டப் போனபோது அந்நிய நாட்டில் நுழைந்தவன் மாதிரிதான் நின்றேன். படி ஏறி முடிந்ததும் பக்கவாட்டில் ஒரு சின்ன அறை. அங்கிருந்து குறுகலாக ஒரு நடை. நடையின் கோடியில், நேர் எதிரே, பெரிய படுக்கையறைக் கதவு.

"அத்தை, நாற்காலி எங்க நிக்கணும்?" என்று மேலிருந்து கத்தினேன்.

சமையலறையில் தட்டுகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"சின்ன ரூம் வாசல்ல!" என்றது கூடத்துக் குரல்.

சின்ன அறை வாசலில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் படமெடுத்தேன். ஏன் சின்ன அறை என்று கேட்கவில்லை. மாடி விவகாரம், எனக்கெதற்கு.

மறுநாள் அலுவலகத்தில் குழாயின் இரண்டு முனைகளையும் க்ளிக் செய்தேன். நான்கு மீட்டர் பத்து என்றது திரை. அப்படியே பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். சீபெ கையுறையைக் கழற்றினான். அவன் கையுறையைக் கழற்றினால் அடுத்தது கிண்டல் என்று அர்த்தம்.

"நாலு பத்தா? யோவ், அது மாடிப்படியா, கோழிக்கூண்டு ஏணியா?"

"கம்ப்யூட்டர் சொல்லுது."

"உன் மாமனார் பறந்து போனா நாலு பத்து. நீ ரெண்டு முனைக்கும் நடுவுல நேர்க்கோடு அளந்திருக்கே. வளைஞ்சு போகணும்யா மனுஷன்!"

திரும்பி வந்து, இந்த முறை வளைவின் ஓரத்தையே க்ளிக் செய்தேன். ஆறு மீட்டர் பன்னிரண்டு. பரவாயில்லையே என்று நிம்மதியாகி, உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு முறை க்ளிக் செய்தேன். ஐந்து மீட்டர் எண்பத்தேழு. ஒரே குழாய், ஒரே கணினி, ஒரே விரல்.

சீபெ திரையருகே வந்து நின்றான். அவன் சட்டைப்பையில் எப்போதும் கறுப்பு மிட்டாய்க் கயிறு இருக்கும். ஷூ லேஸ் மாதிரி நீளமாக, உப்பும் இனிப்புமாக. அதில் ஒன்றை உருவி, நான் அச்சடித்து வைத்திருந்த வரைபடத்தின் மேல் வளைவின் வெளிப்பக்க ஓரமாகப் படுக்க வைத்தான். பிறகு உள்பக்க ஓரமாக. உள்பக்கம் போனபோது கயிறு கொஞ்சம் மிஞ்சியது.

"ஆங்! வெளியோரம் நீளம், உள்ளோரம் குட்டை."

"அப்ப எது சரி?"

சீபெ யோசித்தான். யோசித்துக்கொண்டே அளவுகோலைத் தின்றுவிட்டான்.

"ரெண்டுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு," என்றான் மென்றபடி.

எனக்கு அந்த இரண்டில் எதன் மேலும் நம்பிக்கை வரவில்லை. படங்கள் சரியில்லையோ என்று சந்தேகம். மாலையில் மாமனார் வீட்டுக்குப் போய், விறுவிறுவென்று மேலே ஏறி, எல்லாவற்றையும் மறுபடி படமெடுத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் வெளியோரத்தை அளந்தால் ஏழு மீட்டர் நாற்பத்திரண்டு!

ஓர் இரவில் குழாய் ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தது.

நான் எந்த ஓரத்தைத் தொட்டேன்? வெளியோரமா, உள்ளோரமா, அடியோரமா? மாற்றி மாற்றி க்ளிக் செய்தேன். எப்படிச் செய்தாலும் ஏழுக்குக் கீழே வரவில்லை. மத்தியானம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்னும்போதுகூட விரல் மேசையில் தானாகக் க்ளிக் செய்துகொண்டிருந்தது. சாயங்காலம் மறுபடி போய்ப் படமெடுத்தேன். மறுநாள் ஆறு பன்னிரண்டு.

"உன் மாமனார் வீடு மூச்சு விடுதா?" என்றான் சீபெ. "உள்ள இழுத்தா ஆறு, வெளிய விட்டா ஏழா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயதாகிறது என்பதன் முதல் அறிகுறி இப்படித்தான் இருக்குமோ என்று பயந்தேன். அடுத்தது நானே அந்த நாற்காலியில் ஏறிப் போக வேண்டியதுதான். அதையும் நானே அளந்தால் பாதிப் படியில் தொங்குவேன்.

அன்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் இரண்டு நாள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, முதல் முறையாகப் படத்தைப் பார்த்தேன். ஒரு படத்தில் சிவப்பு ஸ்டிக்கருக்குப் பின்னால் இஸ்திரி மேசை தெரிந்தது. இன்னொன்றில் அதே சிவப்பு ஸ்டிக்கருக்குப் பின்னால் பெரிய படுக்கையறையின் நிலைக்கண்ணாடி. அந்தக் கண்ணாடியில், டேப்லெட்டைப் பிடித்தபடி, வாய் பிளந்த ஒரு முட்டாள்.

"லீஸ், ஸ்டிக்கர் நடக்குது," என்றேன்.

என் மனைவி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் அப்படி நின்றால் ஏதோ தெரியும் என்று பொருள்.

"லீஸ்."

"ஒரு தடவதான் நகத்தினேன்."

"நீயா!"

"அப்பா ஃபோன் பண்ணி, மேல போய்ப் பாரு, சிவப்பு ஸ்டிக்கர் சின்ன ரூம் வாசல்ல இருக்கான்னாரு. போய்ப் பாத்தேன். பெரிய ரூம்கிட்ட இருந்துச்சு. எடுத்து அவர் சொன்ன எடத்துல ஒட்டிட்டேன். அவ்ளோதான்."

"அப்ப அங்க கொண்டுபோய் ஒட்டினது யாரு?"

"அம்மா படி தொடைச்சிருப்பாங்க."

"சரி, அது என்ன சின்ன ரூம்? அங்க இஸ்திரி மேசைதான இருக்கு?"

"அப்பா அங்கதான தூங்குவாரு. ரொம்ப வருஷமா. குறட்டை."

நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன். "ரொம்ப வருஷமாவா? என்கிட்ட யாருமே சொல்லல!"

"மாடில நடக்கறத மாப்பிள்ளைகிட்ட யாரு சொல்லுவாங்க?" என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். நியாயம்தான்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அத்தையைப் பார்க்கப் போனேன். விருந்துக்கான உருளைக்கிழங்கு மலைபோல் கிடந்தது. உரித்துக்கொண்டே பேசினார்.

"படியத் தொடைச்சேன். ஸ்டிக்கர் கழண்டு வந்துச்சு. எங்க இருந்துச்சோ அங்கயே ஒட்டினேன்."

"இல்ல அத்தை, நீங்க ஒட்டினது பெரிய ரூம் வாசல்ல."

"அப்படியா."

"ரொம்ப நேரா, அழகா ஒட்டியிருக்கீங்க."

"கோணலா ஒட்டினா நல்லாவா இருக்கும்?"

"நாற்காலி எங்க நிக்கணும்னு நீங்க சொல்லுங்க. அப்படியே செஞ்சிடறேன்."

கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு உருளைக்கிழங்கு தொடர்ந்து உரிபட்டது. "நான் என்ன சொல்றது. அவர் இடுப்பு, அவர் நாற்காலி. அந்தப் பானைல வெந்திடுச்சான்னு குத்திப் பாரு."

குத்திப் பார்த்தேன். வெந்திருந்தது. அதைத் தவிர எனக்கு எதுவும் புரியவில்லை.

கூடத்தில் மாமா குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினால் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு மட்டும் கேட்காது.

"சின்ன ரூம்தான் மாப்ள. முன்னாடி வெறும் குறட்டை. இப்ப ராத்திரில எந்திரிக்கணும், மாத்திரை, கைத்தடி விழற சத்தம், முனகல்... அவளாவது தூங்கட்டும். பாவம், இவ்ளோ நாள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் சைக்கிள் மிதிச்சிருக்கா."

"இத அத்தைகிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு?" என்றார் உண்மையான ஆச்சரியத்தோடு.

அலுவலகத்துக்குள் காலெடுத்து வைக்கும்போதே சீபெ நின்றிருந்தான். "இன்னிக்கு வெட்டினாத்தான் சனிக்கிழமை மாட்ட முடியும். நம்பரக் குடு."

ஒரு வீட்டின் மாடியில் இரண்டு பேர் சொல்லாமல் வைத்திருக்கும் விஷயத்துக்கு நான் மில்லிமீட்டரில் விடை எழுத வேண்டியிருந்தது. யாருக்கும் கோபம் வராத ஒரு வழி எடுத்தேன். குழாய் சின்ன அறையைத் தாண்டி நடையின் கோடி வரை போகட்டும். ஆனால் பெரிய அறைக் கதவுக்கு நான்கு விரல் முன்னால் நாற்காலி நின்றுவிட வேண்டும். அத்தை தாராளமாகக் கதவை மூடிக்கொள்ளலாம். நடுவே சின்ன அறை வாசலிலும் ஒரு நிறுத்தம் வைத்துவிட்டால், எங்கே இறங்குவது என்பது மாமாவின் விரல் பாடு. இவ்வளவு ராஜதந்திரம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. அந்தப் பெருமிதத்தில் வளைவை க்ளிக் செய்து, வந்த எண்ணை எழுதி, சீபெ கையில் கொடுத்தேன்: ஏழு மீட்டர் முப்பத்துநான்கு.

சனிக்கிழமை காலையில் தெருவில் மேசைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் படியில் குழாயைத் திருகிக்கொண்டிருந்தேன். வளைவுகள் சுவரோடு அழகாகப் பொருந்தின. நாற்காலியை மாட்டி, மாமாவை உட்கார வைத்து, இடுப்புப் பட்டையைப் போட்டேன். அவர் தலைமுடியை வாரிக்கொண்டிருந்தார்.

"கோடி வரைக்கும் ஒரு தடவ போய்ட்டு வந்திடலாம் மாமா. சோதனைக்கு."

நாற்காலி முனகிக்கொண்டு கிளம்பியது. நான் பின்னாலேயே படியேறினேன். பாலம் தூக்கியவர் இப்போது தானே தூக்கப்பட்டுப் போனார். முகத்தில் பாலம் திறக்கும் நாட்களின் கண்டிப்பு. சின்ன அறையைத் தாண்டினார். நடையில் ஊர்ந்தார். கோடிக்குப் போனார். நிற்க வேண்டிய இடம் வந்தது. நாற்காலி நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் போய், கால் வைக்கும் பலகை பெரிய அறையின் வாசற்படியைத் தாண்டி இரண்டு விரல் உள்ளே நுழைந்த பிறகுதான், திருப்தியாக 'டிக்' என்று நின்றது.

அறைக்குள்ளிருந்த அத்தை கதவைச் சாத்திப் பார்த்தார். டொக். கால் பலகையில் இடித்தது. இன்னொரு முறை சாத்தினார். டொக்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நடுக்கோட்டை அளக்க வேண்டியவன் வெளியோரத்தை அளந்திருக்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த அதிகப்படி நீளம் எல்லாம் கடைசி நேர்ப்பகுதிக்கு வந்து சேர்ந்துவிட்டது. சீபெயின் மிட்டாய்க் கயிறு இதைத்தான் சொன்னது, அவன்தான் தின்றுவிட்டானே.

"அத்தை, மன்னிச்சிடுங்க. பன்னெண்டு சென்டிமீட்டர் தப்பாயிடுச்சு. ரம்பம் வண்டிலதான் இருக்கு. அரை மணி நேரத்துல வெட்டிடறேன்."

"தெருவே விருந்துக்கு மேசை போடும்போது ரம்பம் போடுவியா?"

"அப்ப திங்கக்கெழம வரேன்."

"திங்கக்கெழம எனக்குத் துணி தொவைக்கணும்."

"செவ்வாய்?"

"ரைன்டர்," என்றார் அத்தை. அவர் என் பெயரை மட்டும் தனியாகச் சொல்வது அபூர்வம். ரம்பப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

"நாற்காலிய ராத்திரி கீழ அனுப்பிடலாம் மின்கெ," என்றார் மாமா தணிவாக. "அப்ப கதவு மூடும்."

"கீழ நிறுத்தினா வாசக்கதவு தெறக்காது. தபால்காரன் எங்க வருவான்?"

தபால்காரன் வீட்டுக்குள் வருவதில்லை. கதவிலுள்ள இடுக்கில்தான் போடுகிறான். நானும் மாமாவும் அதைச் சொல்லவில்லை.

"அந்தச் சின்ன ரூம் வாசல்ல நிறுத்தலாமே," என்றார் மாமா.

"அங்க நிறுத்தினா சார்ஜ் ஏறாது. அப்படித்தான ரைன்டர்? கோடில நின்னாத்தான ஏறும்?"

அப்படித்தான். அத்தை விளக்கப் புத்தகத்தை முழுக்கப் படித்திருந்தார். நான் இன்னும் படிக்கவில்லை.

"அப்ப கதவு மூடவே மூடாதா?" என்று மாமா கேட்டார். "என் குறட்டை?"

"அதான் சொல்றேன். உன் மருமகன் அளந்த லட்சணத்துல கதவு இனிமே மூடாது. கதவு மூடலேன்னா, நீ அந்த ரூம்ல கெடந்தா என்ன, இந்த ரூம்ல கெடந்தா என்ன? சத்தம் ஒண்ணுதான். எதுக்கு ரெண்டு மெத்தைக்கு உறை மாத்தணும்?"

மாமா கழுத்தை நீட்டி அறைக்குள் எட்டிப் பார்த்தார். திறந்த கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது. இரண்டு தலையணைகளுக்கும் புதிய உறை போட்டிருந்தது. அது அன்று காலையில் போட்டதா, ஸ்டிக்கர் நடந்த அன்றே போட்டதா என்று எனக்குத் தெரியாது. நல்லவேளையாக, கேட்கக்கூடாது என்கிற அளவுக்குப் புத்தி இருந்தது.

"அளவு அப்படி வந்துட்டா," என்றார் மாமா கடைசியில், "நாம என்ன பண்ண முடியும்."

"ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் அத்தை. மாமாவின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டார்.

சாயங்காலம் விருந்தில் மாமா மேசையின் தலைமாட்டில், வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். கூடத்து ஜன்னலடிக் கட்டிலை நாங்கள் பிரித்து எடுத்துவிட்டோம். அத்தை உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் பரிமாறினார். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒருமுறை என் தவறைச் சொன்னார்.

"பன்னெண்டு சென்டிமீட்டர்! வெளியோரத்த அளந்துட்டானாம். இத்தனைக்கும் இதுதான் அவன் தொழில். கதவே மூட மாட்டேங்குது, பாத்துக்கோங்க. வேற வழியே இல்ல."

அவரை நான் அவ்வளவு உற்சாகமாகப் பார்த்ததில்லை. தெருவே என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர், தன் வீட்டுச் சமையலறையை அளக்க வேறு ஆளைப் பார்க்கப்போவதாக என்னிடமே தெரிவித்தார். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லீஸ் அம்மாவிடம் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தாள்.

"அப்பா விடிய விடியக் குறட்டையாம். அம்மா கண்ணே மூடலையாம்."

"சொன்னேன்ல! நாளைக்கே போய் வெட்டிடறேன்."

"அதுக்குத்தான் ஃபோன் பண்ணாங்க. நீ ரம்பத்த எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் வந்துடக் கூடாதாம். உன்கிட்ட சத்தியம் வாங்கச் சொன்னாங்க."

சத்தியம் செய்து கொடுத்தேன். இத்தனை வருட வேலையில், தவறைச் சரிசெய்ய வராதே என்று ஒரு வாடிக்கையாளர் கெஞ்சியது இதுதான் முதல் தடவை. அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று சீபெயிடம் கேட்டேன். அவன் கையுறையைக் கழற்றினான். நான் பதிலுக்குக் காத்திருக்காமல் வந்துவிட்டேன்.